முன்துணை உண்டா?

நீலத்திட்டுக்குப் போகும் படகில் ஏறுவதற்கு முன் எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குள் போய் நின்றதும் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரியும். முகம் பதிவாகும். பிறகு ஒரு பெண்குரல் இனிமையாகக் கேட்கும்: "முன்துணை உண்டா?"

வரிசையில் நிற்பவர்கள் "இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். ரெஜினாவும் ஞாயிறுதோறும் அப்படித்தான் சொல்லி வந்தாள்.

முன்துணைச் சட்டம் வந்தபோது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வழக்குகள் மலைபோலக் குவிந்துவிட்டதால் கொண்டுவந்த சட்டம் அது. ஓர் இடத்துக்குள் நுழையும்போதே உங்கள் வழக்கறிஞர் யாரென்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால், உள்ளே என்ன நடந்தாலும் அவர் உங்களுக்காகப் பேசலாம். சொல்லாவிட்டால், அந்த எல்லைக்குள் நடந்ததற்கு உங்களுக்காக வாய் திறக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆஸ்பத்திரி, வாடகை வீடு, பள்ளிக்கூடம் என்று எல்லா வாசலிலும் இதே கேள்விதான்.

நாளாக ஆக, பெயர் சொல்வதே அவமரியாதை என்றாகிவிட்டது. "எங்கமேல நம்பிக்கை இல்லையா?" என்று வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். காரைக்காலில் ஒரு மாப்பிள்ளை திருமணப் பதிவு அலுவலகத்து வாசலில் வழக்கறிஞர் பெயரைச் சொல்லப்போக, மணப்பெண் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் துணிந்து பெயர் சொல்லவில்லை.

நீலத்திட்டு கடலில் மிதக்கும் சூதாட்ட நகரம். நாட்டின் எல்லைக்கு அப்பால் இருந்ததால் அதற்கென்று தனிச் சட்டம்; முன்துணை விதி மட்டும் அங்கேயும் உண்டு. சீட்டுகளை மனத்துக்குள் எண்ணி ஆடுவது கரையில் குற்றமில்லை. அங்கே அது 'மனக்கணக்கு மோசடி'.

ரெஜினா செய்துகொண்டிருந்தது அதைத்தான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளின் வாய்ப்பைக் கணக்கிடும் வேலையில் இருந்தவள். அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகும் அவள் தலை எண்ணுவதை நிறுத்தவில்லை. மாதாகோயிலில் உட்கார்ந்தால் மெழுகுவர்த்திகளை எண்ணும். பஸ்ஸில் போனால் மரங்களை எண்ணும். எண்ணத் தெரிந்த தலைக்கு இன்னும் மதிப்பிருந்த ஒரே இடம் இருபத்தொன்று என்ற சீட்டாட்டம் ஆடும் மேசைதான்.

அவளுடைய தம்பி பிரிட்டோ படகு என்ஜின் மெக்கானிக். அவனுக்கும் கணக்குக்கும் வெகுதூரம். ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று யாரும் நம்பிவிடக்கூடிய முகம், தோற்றாலும் உரக்கச் சிரிக்கும் சுபாவம். அக்கா மேசையின் ஒரு மூலையில் சில்லறைக்கு ஆடியபடி சீட்டுகளை எண்ணுவாள். சின்னச் சீட்டுகள் கழிந்து பெரியவை மிஞ்சி, ஜெயிக்கும் வாய்ப்பு கூடும் நேரத்தில் கழுத்துச் சங்கிலியைத் தொடுவாள். தம்பி பெரிதாகப் பந்தயம் கட்டுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும்போதே இருவருக்கும் வாக்குவாதம்.

"இன்னைக்காவது பேரைச் சொல்லிடுக்கா. போன வாரம் அந்த விழிமானி உன் பக்கமே திரும்பித் திரும்பி நின்னுச்சு, நான் பாத்தேன்."

விழிமானி என்பது மேசைக்கு மேல் தொங்கும் சின்னக் கண். ஆடுபவரின் பார்வை எந்தச் சீட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கும்.

"பேரைச் சொன்னா நேரா நம்ம தலைக்கு மேலயே வந்து நிக்கும்டா. 'நான் திருட வந்திருக்கேன்'னு நாமளே மணியடிச்ச மாதிரி."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டமாட்டோம்."

"ஃபாயிஸா மேடம் என்ன சொன்னாங்க?"

இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வழக்கறிஞர் அவர். ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "பேர் குடுத்தா உங்களக் கண்காணிப்பாங்க, அது நிச்சயம். குடுக்கலேன்னா மாட்டுற அன்னைக்கு நான் கரையில நின்னு வேடிக்கைதான் பாக்கணும். எதைத் தாங்க முடியும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ஒரு ஆள் ஒரு பேர்தான் பதியலாம். தனக்குப் பதியலாம், இல்ல கூட வர்ற ரத்த சொந்தத்துக்குப் பதியலாம். ரெண்டும் முடியாது."

"எனக்கு வேண்டாம். உனக்கும் வேண்டாம்" என்று ரெஜினா பேச்சை முடித்தாள்.

தடுப்புக்குள் போனாள். "இல்லை" என்றாள். பிரிட்டோ பக்கத்து வரிசை வழியாகச் சற்றுத் தாமதமாகத்தான் வெளியே வந்தான்.

"என்னடா இவ்வளவு நேரம்?"

"முகம் சரியாப் பதியலயாம்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தான்.

சீட்டரங்கில் அன்று ஆரம்பத்திலிருந்தே ஏதோ சரியில்லை. ரெஜினா உட்கார்ந்ததுமே விழிமானி மெல்ல இறங்கி அவள் நெற்றிக்கு நேரே நின்றது. சீட்டுப் போடும் பெண் வழக்கம்போல் வணக்கம் சொன்னாள், ஆனால் ரெஜினாவின் கண்ணைப் பார்க்கவில்லை. எழுந்து போய்விடலாமா? உட்கார்ந்ததும் எழுந்தால் சந்தேகம் வரும். உட்கார்ந்திருந்தால் எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணக் கூடாது என்று நினைக்க நினைக்கத் தலை இன்னும் வேகமாக எண்ணியது. உள்ளங்கை வேர்த்துச் சீட்டு நழுவியது. கழுத்தில் வழிந்த வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். விரல் சங்கிலியில் பட்டுவிட்டது.

மேசையின் எதிர் மூலையில் பிரிட்டோ கையிலிருந்த பந்தய வில்லைகளை மொத்தமாக முன்னால் தள்ளினான்.

சாம்பல் நிறச் சட்டை போட்ட இருவர் அவளருகே வந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர் பணிவாகக் குனிந்து சொன்னார். "கொஞ்சம் எங்களோட வாங்க மேடம். உங்க முன்துணைக்குத் தகவல் சொல்லியாச்சு. வந்துட்டிருக்காங்க."

"எனக்கு முன்துணை கிடையாது. நான் யார் பேரையும் சொல்லல."

"உங்களுக்காக உங்க தம்பி பதிஞ்சிருக்காரு."

ரெஜினா திரும்பிப் பார்த்தாள். பிரிட்டோவைச் சுற்றியும் சாம்பல் சட்டைகள். அவனும் அவளைப் பார்த்தான். எப்போதும்போல் சிரிக்கத்தான் பார்த்தான்.

ஃபாயிஸா விரைவுப் படகில் வந்து சேர்ந்தார். ஜன்னல் இல்லாத அறையில் ரெஜினாவின் அருகே உட்கார்ந்து, அவள் கையை மேசைக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நான் சொல்லாம ஒரு வார்த்தை பேசாதீங்க" என்பதற்கான அழுத்தம் அது. பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

"இவங்க எப்பவாவது பெரிய பந்தயம் கட்டியிருக்காங்களா?"

"இல்லை. ஆனா கண்ணசைவு..."

"கண்ணசைவு குற்றமில்ல. லாபம் இருந்தாத்தான் மோசடின்னு உங்க சட்டமே சொல்லுது. லாபத்தைக் காட்டுங்க."

காட்ட முடியவில்லை. பத்திரம் வந்தது, வழக்கு முடிந்தது என்று முத்திரை விழுந்தது. ரெஜினா எழுந்திருக்கவில்லை.

"என் தம்பி?"

ஃபாயிஸா இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். கரையின் படகுத்துறைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "அவர் பேரைச் சொல்லக்கூட எனக்கு அங்க உரிமை இல்ல ரெஜினா. அவர்கிட்ட இருந்த ஒரே பதிவை உங்களுக்குக் குடுத்துட்டாரு."

"அவனுக்கு எண்ணவே தெரியாது மேடம்! நான் திரும்பிப் போறேன். நான்தான் எண்ணினேன்னு சொல்லிடறேன்."

"முடிஞ்ச வழக்கை அவங்க திரும்பத் திறக்க மாட்டாங்க. நீங்க சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டதா ஆகும். தண்டனை அவருக்குத்தான் கூடும்."

"அவன் பேர் குடுக்காம இருந்திருந்தா என்னைக் கவனிச்சிருக்கவே மாட்டாங்களே!"

"இருக்கலாம்" என்றார் ஃபாயிஸா. "பேர் குடுக்காமலும் கவனிச்சிருந்தா இன்னைக்கு நீங்களும் உள்ளதான் இருந்திருப்பீங்க. அதுவும் உண்மைதான்."

அந்த வாரம் முழுவதும் ரெஜினாவுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாது. கேட்டாலும் பதில் சொல்ல அங்கே யாருக்கும் கடமை இல்லை. ஒருநாள் மதியம் கைப்பேசியில் ஒரு வரி வந்தது. கைதி ஒப்புக்கொண்டார், எண்ணடக்கம் செய்யப்பட்டது, வந்து அழைத்துச் செல்லலாம்.

நீலத்திட்டின் படகுத்துறையில் பிரிட்டோ தனியாக உட்கார்ந்திருந்தான். இடது காதுக்குப் பின்னால் நகம் அளவுக்கு ஒரு வெள்ளித் தகடு தோலோடு ஒட்டியிருந்தது. மூளையில் எண்கள் பிறக்கும் இடத்தை அணைத்து வைக்கும் எண்ணடக்கக் கருவி. தண்டனைக் காலம் முடியும்வரை கழற்ற முடியாது.

"ஏன்டா ஒத்துக்கிட்ட?" அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யாரு எண்ணினதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கக்கா. தூங்க விடல. நான்தான்னு சொன்னேன். பேசாம இருக்கலாம்னு சொல்லித்தர பக்கத்துல யாரும் இல்லையே."

"எனக்கெதுக்குடா குடுத்த? உனக்குப் பதிஞ்சிருக்கலாம்ல?"

"எண்ணுறவ நீதானே. உன்னைத்தான் பிடிப்பாங்கன்னு நெனச்சேன்."

படகு கிளம்பியது. பிரிட்டோ தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பட்டறைக்குத் திங்கக்கிழமை போகலாம்னு இருக்கேன். ஸ்பேனர் மேல என்னமோ போட்டிருக்கும்ல, சைஸு... அதெல்லாம் கைப்பழக்கத்துல வந்துடும்ல அக்கா?"

"வந்துடும்" என்றாள். வராது என்று அவளுக்குத் தெரியும்.

டீ விற்பவர் பெரிய பிளாஸ்க்கோடு இருக்கைகளுக்கு நடுவே வந்தார். பிரிட்டோ முகம் மலர்ந்து கையைத் தூக்கினான்.

"எத்தனை தம்பி?"

பிரிட்டோ வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான், தன்னைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

"அக்காவுக்குக் குடுங்க அண்ணே. எனக்கும் குடுங்க."

"அதான் எத்தனைன்னு கேக்குறேன்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரெஜினா சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். டீக்காரரிடம் இரண்டு விரல்களை நீட்டினாள். அவர் டீயை ஊற்றத் தொடங்கினார். பிரிட்டோ கோப்பைகளைப் பார்க்கவில்லை. அக்காவின் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.