அறுபத்தொன்றாம் படம்

1975 மார்ச் 8, சனிக்கிழமை, காலை 6.40. மெட்டில்டா நெகட்டிவ் பெட்டியைத் திறந்தாள். அறுபத்தொன்றாம் உறை காலியாக இருந்தது. மற்ற உறைகளை யாரும் தொடவில்லை. ஸ்டுடியோப் பூட்டில் ஒரு கீறலும் இல்லை.

தூத்துக்குடியில் அவள் ஸ்டுடியோ வைத்துப் பதினோரு வருஷம். கடைசி இரண்டு வருஷமாக ஒரு சினிமா செய்திருந்தாள். அதில் எதுவும் அசையாது. சங்கு குளிக்கிறவர்களின் புகைப்படங்கள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் திரையில் ஐந்து விநாடி நிற்கும். தோணி புறப்படும், ஆள் மூழ்குவான், சங்கோடு எழுவான். நடுவில் உள்ளதைப் பார்க்கிறவர் மனம் போட்டுக்கொள்ளும்.

வெள்ளி சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் அதைத் திரையிட்டாள். அறுபத்தொன்றாம் படத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றது. குளியாள் எஸ்றா, மேலில் துணியில்லாமல், நேராகப் பார்க்கிறான். பின்னால் கடல். காலடியில் சங்குகள் நிறைந்த வலைப்பை. உயர்த்திய கையில் ஒரு சங்கு, வால் என்கிற ஒடுங்கிய முனை மேலாக, வாய் நம்மைப் பார்த்து. கண் அந்தக் கைக்கே போகட்டும் என்று, பிரின்ட் போடும்போது படத்தின் அடிப்பகுதியை மெட்டில்டா இருட்டாக்கியிருந்தாள்.

வாலை மேலே பிடித்தால் சாதாரணச் சங்கின் வாய் இடப்பக்கம் திறக்கும். எஸ்றா கையில் இருந்த சங்குக்கு வலப்பக்கம். வலம்புரி, லட்சத்தில் ஒன்று.

போன வருஷம், அந்தப் படம் எடுத்த சமயத்தில், ஒரு வலம்புரியை அரசின் சங்குக் கிடங்கில் ஒப்படைத்ததாகவும் அது காணாமல் போனதாகவும் எஸ்றா புகார் செய்தான். அப்படி ஒன்று வரவேயில்லை என்றார் கிடங்கு மேஸ்திரி தாணுலிங்கம். பொய்ப் புகார் என்று எஸ்றாவின் குளி அனுமதியை ரத்து செய்தார்கள். ஊர் அவனைப் புளுகன் என்றது.

திரையிடல் முடிந்ததும் மெட்டில்டா பெருமையோடு தன் வேலைமுறையைச் சொன்னாள். கடலுக்குப் போகிற தோணியெல்லாம் இடப்பக்கம் பார்க்கவேண்டும், திரும்புகிறதெல்லாம் வலப்பக்கம். அதற்காகப் பதினேழு நெகட்டிவ்களை மட்டும் பின்பக்கமாகத் திருப்பி, கண்ணாடியில் தெரிவதுபோல பிரின்ட் எடுத்திருந்தாள். தாணுலிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். எஸ்றாவின் படமும் திருப்பியதுதான் என்றார். நெகட்டிவின் ஓரத்தில் அச்சான எழுத்தே எந்தப் பக்கம் நிஜம் என்று சொல்லும், நாளை நாலு மணிக்கு ஸ்டுடியோவில் காட்டுகிறேன் என்றாள் அவள்.

காலை 9.15. சப்-இன்ஸ்பெக்டர் பால்துரை வந்தார்.

"நேத்து உள்ள வந்தது யாரு?"

"படம் முடிஞ்ச பெறவு ரெண்டே பேரு சார். எஸ்றாண்ணன் புரஜெக்டரத் தூக்கிட்டு வந்தாரு. தாணுலிங்கம் அண்ணாச்சி திரையக் கொண்டாந்தாரு."

"நீங்க எங்கன நின்னீங்க?"

"வாசல்ல, வண்டிக்காரர்கிட்ட. அஞ்சு நிமிசம்."

பால்துரைக்குக் கணக்கு எளிதாக இருந்தது. படம் திருப்பியது என்றால் நெகட்டிவ் எஸ்றாவைக் காட்டிக்கொடுக்கும், திருடியவன் அவன். திருப்பாதது என்றால் தாணுலிங்கம். அதைச் சொல்லவேண்டிய பொருளே களவு போய்விட்டது. ஏற்கெனவே புளுகன் என்று பேர் வாங்கியவன்மேல்தான் அவருக்குச் சந்தேகம். நாலு மணிக்கு வந்து எஸ்றாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்.

"நான் அதத் திருப்பல சார்."

"ஞாபகம் சாட்சியாகாதும்மா."

அவள் பிரின்டை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தில் எழுத்தில்லை, கடிகாரமில்லை, சட்டைப் பொத்தான் இல்லை. எந்தப் பக்கம் நிஜம் என்று சொல்ல எதுவுமில்லை. மதியம் சாப்பிடவில்லை. எப்போது பார்த்தாலும் கண் கைக்கே போயிற்று. அப்படித்தான் அவள் செய்துவைத்திருந்தாள்.

2.10. கறுப்புத் தாளை எடுத்துக் கையையும் சங்கையும் மறைத்தாள். மிச்சத்தைப் பார்த்தாள். பிறகு லென்ஸைத் தேடினாள்.

4.00. பால்துரை, எஸ்றா, தாணுலிங்கம் மூவரும் வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கூட்டம். தாணுலிங்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏலே எஸ்றா, கண்ணாடியில பாத்தா எல்லாச் சங்கும் வலம்புரிதாம்ல."

வெளியே சிலர் சிரித்தார்கள்.

"அதத்தான் நானும் சொல்லுதேன் அண்ணாச்சி," என்றாள் மெட்டில்டா. "எல்லாச் சங்கும்."

லென்ஸைப் பால்துரையிடம் கொடுத்து, படத்தின் இருண்ட அடிப்பகுதியில் விரல் வைத்தாள். வலைப்பையில் நாலு சங்குகளுக்கு வாய் தெரிந்தது. ஒவ்வொன்றின் வாலும் மேலே வரும்படி பால்துரை படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இடப்பக்கம். இடப்பக்கம். நாலும் இடப்பக்கம்.

"திருப்பியிருந்தா இந்த நாலும் நெசத்துல வலம்புரியால்லா இருக்கணும்?" என்றாள். "ஒரே பையில நாலு வலம்புரி. நம்புவீங்களா சார்?"

பால்துரை லென்ஸைக் கீழே வைத்தார்.

"அப்ப படம் நெசம். அந்த நெகட்டிவ் எஸ்றாண்ணனுக்குச் சாட்சி. தனக்குச் சாட்சியா இருக்கத அவரு எதுக்குத் திருடணும்? எடுத்தது நீங்கதான் அண்ணாச்சி. சங்கையும்."

இருபது வருஷமாகச் சங்குகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வாய் பார்த்துத் தரம் பிரித்தவர் தாணுலிங்கம். கையில் இருக்கிற சங்கை மட்டுமே பார்த்துப் பழகிய கண். பையில் கிடந்ததை அது பார்க்கவில்லை. இப்போதும் அவர் படத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, இரண்டாக மடிந்த நெகட்டிவை எடுத்து மேசையில் வைத்தார். சங்கு போன வருஷமே கை மாறிவிட்டது என்று முனகினார்.

மெட்டில்டாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்தப் படத்துக்கு ஐந்து விநாடி போதாது, பத்து விநாடியாவது கொடுக்கவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

எஸ்றா எழுந்து தாணுலிங்கத்தின் முன்னால் வந்து நின்றான். குரல் உயரவில்லை. ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"இப்ப என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. புளுகன் யாரு?"