சுவர்ப் பக்கத்துக் கால்

"என் மேசையை வச்சுக்கிட்டு நகலைத் திருப்பி அனுப்பியிருக்கா, என் கூடப்பிறந்தவ!"

சொல்லிக்கொண்டே படியேறினார் வினிஃப்ரெட் அம்மாள். மேரிபரோ ஊரில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் லிண்ட்சேயைத் தேடி இப்படிச் சிலர் வருவதுண்டு. அவருடைய நண்பன், பத்திரிகை நிருபர் கிளெம், உடனே பென்சிலை எடுத்தான்.

தாய்வழி வந்த சிவப்பு தேவதாரு மேசை அது. நான்கும் கடைசல் வேலைப்பாடு மிக்க கால்கள். சமையலறையில் கிடந்ததை, கணவர் ஆர்தர் இறந்த பிறகு மெழுகேற்றி, முன்னறைக்கு அலங்காரமாகக் கொண்டுவந்திருந்தார். தங்கை ஹில்டா மகள் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போய், போன வாரம் திருப்பி அனுப்பினாள். இப்போது பார்த்தால் முன்கால் ஒன்றின் குமிழ் மற்றவற்றைவிடப் பருமன்.

"சர்ச்சுல எல்லார் முன்னாலயும் திருடின்னு கேட்டுட்டேன். வாயே திறக்கல. இன்னிக்கு சாயங்கால ரயில்ல கெய்ர்ன்ஸ் ஊருக்குக் குடிபோறாளாம், ஒரேயடியா. போலீஸ்ல சொல்லிடவா?"

"முதல்ல தங்கச்சியை உங்க வீட்டுக்குக் கூப்பிடுங்க, நாங்களும் வர்றோம்," என்றார் லிண்ட்சே.

வினிஃப்ரெட்டின் முன்னறைக்கு ஹில்டா வந்தாள். தொப்பியைக் கழற்றாமல் நின்றாள். லிண்ட்சே மண்டியிட்டு ஒவ்வொரு காலையும் அளந்தார்.

"மூணு கால் லேசா முட்டை வடிவம். மரம் காயக் காய ஒரு வாட்டத்துலதான் அதிகம் சுருங்கும். அந்தக் காலத்துல உருண்டையா கடைஞ்சது இன்னிக்கு உருண்டையா இருக்காது. மேசை உங்கம்மாவோடதுதான். இந்த ஒரு கால்தான் புதுசு."

"அப்போ ஹில்டாம்மா உடைச்சுட்டு மாத்திட்டாங்க!" கிளெம் துள்ளினான்.

"பறக்காதேப்பா. அடியில பாரு."

புதுக் கால் உட்பட நான்கு கால்களின் அடியிலும் கறுப்பு வளையம். எறும்பு ஏறாமலிருக்க, அந்த ஊர்ச் சமையலறை மேசைகள் மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாக்களில்தான் நிற்கும்.

"முன்னறையில டப்பா வச்சீங்களா?"

"இந்தக் கம்பளத்து மேலயா? சீ!"

"ஒரு கல்யாணத்துல இவ்வளவு ஊறாது. ஆக, மேசை சமையலறையில இருந்தப்பவே கால் மாறியாச்சு. அப்போ இந்த வீட்டுல நீங்களும் ஆர்தரும்தான். பலகையில வெயில் வெளுத்த பக்கம் இப்போ சுவரைப் பார்த்து நிக்குது. தூக்கிட்டு வந்தவங்க திருப்பிப் போட்டிருக்காங்க. சுவர்ப் பக்கம் ஒளிஞ்சிருந்த கால் முன்னால வந்துடுச்சு."

கிளெம் தான் எழுதியிருந்த ஹில்டாவின் பெயரை மெல்ல அடித்தான். காது சுட்டது.

"ஆர்தரா? எங்கிட்ட சொல்லவேயில்லையே," என்றார் வினிஃப்ரெட்.

ஹில்டா அப்போதுதான் பேசினாள். "நீ பிரிஸ்பேன் போயிருந்தப்போ, விளக்கு மாட்டறேன்னு மேசை மேல ஏறியிருக்கார், கால் முறிஞ்சுடுச்சு. எங்கிட்ட ஓடி வந்தார். நீ வர்றதுக்குள்ள கால் கடைஞ்சு வாங்கினோம். சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார்."

"போய்ச் சேர்ந்த மனுஷனுக்காகவா திருடிப் பட்டம் சுமந்தே? என்னைக் கண்டா அவ்வளவு பயமா அவருக்கு?"

"ஒரு மேசைக்காலுக்காகச் சொந்தத் தங்கச்சியை ஊர் முன்னாடி திருடின்னியே அக்கா. அவர் பயந்தது தப்பா?"

லிண்ட்சே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டுபிடித்ததில் அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

"உட்காரு. டீ போடறேன்," என்றார் வினிஃப்ரெட்.

"ரயிலுக்கு நேரமாச்சு."

"அப்போ இந்த மேசையை நீயே வச்சுக்கோடி. அனுப்பி வைக்கிறேன்."

ஹில்டா கையுறையை மாட்டிக்கொண்டாள். "வேண்டாம்கா. அது வந்தா நானும் உன்னை மாதிரி ஆயிடுவேன்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.