ஈரச் சாவி

கயிற்றோடு மேலே வந்த சாவி ஈரமாக இருந்தது.

சைதா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் மழை பெய்து மாதக்கணக்காகிறது. குழாயில்கூடத் தண்ணீர் நூல் பிடித்தாற்போலத்தான் வருகிறது. ஆனால் ஐந்து மாடி இறங்கித் திரும்பிய சாவியில் சொட்டச் சொட்ட ஈரம், கூடவே ஆற்றுச் சேற்றின் வாடை. ரங்கூன் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கவ்வி. வருகிறவர் கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். தெருக்கதவுச் சாவியைக் கவ்வியில் மாட்டி இறக்குவார்கள். திறந்ததும் அவர் திரும்ப மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம் மணி அடிக்க, மாமாதான் என்று சைதா சாவியை இறக்கினாள். படியில் யாரும் ஏறி வரவில்லை. மாமா வெகுநேரம் கழித்து, காய்ந்த சட்டையோடு வந்தார். சாவியை இடுப்பில் சுற்றியிருந்த லோன்ஜியில் துடைத்து ஆணியில் மாட்டினாள். தெருப் பிள்ளைகளின் சேட்டை என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

சைதா காரைக்கால் பெண். சென்னையில் மொழியியல் படிக்கிறவள், ஒரே ஒரு பருவம் பர்மிய மொழி படிக்க வந்திருந்தாள். விடுதியில் இடம் இல்லை. வாப்பாவுக்குத் தூரத்துச் சொந்தமான மதீனா பீவி மாமியும் பர்கத்துல்லா மாமாவும் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ரங்கூனில் வெளிநாட்டார் ஒருவர் வீட்டில் இராத் தங்கினால் வீட்டுக்காரருக்கு வினை. வார்டு ஆட்கள் திடுதிப்பென்று வந்து, தெருவில் நின்றபடியே வீட்டுக் கணக்கில் பதிந்த பேர்களைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மாமி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள்.

“எம் மவ ருக்சார் பேரு வீட்டுக் கணக்குல அப்படியே இருக்கு. கீழேர்ந்து ருக்சாருன்னு கூப்புட்டா ‘ஷின்’னு மட்டும் சொல்லு. வேற வாயத் தொறக்கப்புடாது புள்ள.”

யாராவது கூப்பிட்டால் பர்மாவில் பெண்கள் ‘இதோ’ என்பதற்குச் சொல்லும் சொல் அது. வகுப்பில் முதல் பாடமே அதுதான். அவள் உச்சரிப்பு அட்சரசுத்தம் என்று ஆசிரியை மெச்சியிருந்தாள். வார்டு ஆட்கள் வந்தபோது சைதா பால்கனியில் நின்று கணீரென்று சொன்னாள். அவர்கள் போனதும் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ருக்சார் எங்கே என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒண்ட வந்தவளுக்கு வாய் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. தெருவெல்லாம் ஜெனரேட்டர்களின் உறுமல். கீழ்வீட்டில் யாரோ இறால் விழுது வதக்கும் நெடி, ஜமால் நானாவின் வெற்றிலைக் கடையிலிருந்து சுண்ணாம்பும் ஏலமும் கலந்த வாசம், இவற்றுக்கெல்லாம் அடியில் விட்டு விட்டு வரும் அந்தச் சேற்று வாடை, கொஞ்சம் கொஞ்சமாக மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு மேலே ஏறிவந்தது. கயிறு விறைத்தது. மணி அடித்தது.

“ருக்சார்!”

பெண் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு கூப்பிட்ட குரல்.

“ஷின்!” என்றாள் சைதா, பழக்க தோஷத்தில்.

கயிறு தொய்ந்தது. எட்டிப் பார்த்தாள். ஜமால் நானா மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். வேறு ஆளில்லை. தெருக்கதவு கிரீச்சென்று திறக்கும் சத்தம் கேட்டது. சாவி அவள் கையில் இருந்தது. ஈரக் கால்கள் சளக் சளக்கென்று ஒரு மாடி ஏறி, நின்றுவிட்டன.

“யாரு கூப்புட்டது?” மாமி அடுப்படி வாசலில் நின்றாள்.

“வார்டு ஆளுங்க மாமி.”

“வார்டு ஆளுங்கள்ல பொம்பள ஏது?” மாமி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “ரெண்டு வருசமாச்சு. ஆத்துக்கு அக்கரையில படிக்கப் போயிட்டு சம்பான் படகுல திரும்பி வந்தா. இதே மஃரிப் நேரம். சம்பான் வந்துச்சு, அவ வரல. மையத்துகூட கெடைக்கல. வீட்டுக்கு வந்தா உம்மான்னு கூப்புட மாட்டா புள்ள. கயித்த இழுத்துட்டு அவ பேரையே அவ கூப்புடுவா. நாந்தான் மேலேர்ந்து ஷின்னு சொல்லுவேன். எங்களுக்குள்ள அது ஒரு வெளாட்டு. அவ போனப்புறம் எனக்கு நாக்கு எழும்பல. நீ சொல்லிட்ட.”

மாமி பயந்திருப்பாள் என்று சைதா நினைத்தாள். மாமியின் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதைக் கண்டுதான் சைதா ஓரடி பின்வாங்கினாள்.

“நாளைக்கும் சொல்லுவியா?”

யாரிடம் போய்ச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாயைத் திறந்தால் மாமா உள்ளே போவார். மாமாவிடம் சொன்னபோது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “ஒரு வாரந்தானே புள்ள, பொறுத்துக்க” என்றார். ஆம், அடுத்த வாரம் விமானம். அதுவரை தள்ளிவிட்டால் காரைக்கால், உம்மா, சொந்தக் கட்டில். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

தினமும் மஃரிப் ஆனதும் மாமி அவளைப் பால்கனியில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது. குரல் வந்தது. மாமியின் அழுகைக்குப் பயந்து சைதா சின்னக் குரலில் சொன்னாள். கால்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மாடி கூடுதலாக ஏறின.

வகுப்பில் ஆசிரியை “சைதா” என்று கூப்பிட்டது அவளுக்கு உறைக்கவில்லை. பக்கத்துப் பெண் இடித்த பிறகுதான் எழுந்தாள். வெள்ளிக்கிழமை ஜமால் நானா கடைக்கு உம்மாவின் போன் வந்தது.

“யாரு பேசுறது? சைதாவக் கூப்புடுங்க.”

“நாந்தான் உம்மா.”

“வெளாடாதீங்கம்மா. எம் மவளக் கூப்புடுங்க.” லைன் அறுந்தது.

சைதா ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள். அழுகை வந்தது. இனி அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் விமானம் என்ற அன்று சாயங்காலமும் கரண்ட் இல்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. சேற்று வாடை அறைக்குள் அசையாமல் நின்றது. மணி அடித்தது.

“ருக்சார்!”

இம்முறை கீழேயிருந்து அல்ல. வாசற்கதவுக்கு அப்பாலிருந்து.

மாமியின் விரல்கள் மணிக்கட்டில் இறுகின. “சொல்லு புள்ள. வாசல்ல நிக்கிறா.”

சைதா உதட்டைக் கடித்தாள். சொல்லவில்லை.

“சொல்லுடி!”

சொல்லவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், இருட்டில், மிக அருகில்:

“ஷின்.”

அட்சரசுத்தம். மாமி அவள் கையை விட்டுவிட்டாள்.

குளிர். காலடியில் சேறு. தெரு. சைதாவின் கையில் கயிற்றின் கீழ் முனை.

ஜமால் நானா கடையில் போன் அடித்தது. அவர் எழுந்து, சைதாவுக்கு எதிரிலேயே நின்று, மேலே பார்த்துக் கத்தினார். “சைதா! ஊர்லேர்ந்து உம்மா!”

“வர்றேன் நானா!” மேலே பால்கனியிலிருந்து, சைதாவின் குரலிலேயே பதில் வந்தது.

‘நான் இங்கே நிற்கிறேன்’ என்று சைதா கத்தினாள். வாயிலிருந்து வந்தது ‘ருக்சார்’ என்ற ஒரே சொல். ஜமால் நானா தரையைப் பார்த்தார். “யாரு இங்கன தண்ணி ஊத்துனது?”

சைதாவின் பச்சைச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒருத்தி படியிறங்கி வந்தாள். தலை பின்னியிருந்தது. ரிசீவரை எடுத்தாள்.

“நாந்தான் உம்மா. நாளைக்கு வந்துருவேன்.”

ரிசீவரில் உம்மா சிரிப்பது கேட்டது. “இப்பத்தான் எம் மவ பேசுற மாதிரி இருக்கு.”

அவள் மேலே போய்விட்டாள். தெருக்கதவு சாத்திக்கொண்டது.

சைதா கயிற்றை இழுத்தாள். மணி. மறுபடி இழுத்தாள். மாமி எட்டிப் பார்த்தாள். “யாரு?” கண் அவள்மேல் நிற்காமல் நழுவிப் போனது. சாவி இறங்கி வந்தது. இரண்டு கையாலும் பற்றினாள். விரல்களுக்கு நடுவே அது தண்ணீரில் வழுக்குவதுபோல வழுக்கி மேலே போயிற்று.

ஐந்தாம் மாடியில் மெழுகுவத்தி வெளிச்சம். அந்தப் பெண் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். லோன்ஜியில் துடைத்தாள். ஆணியில் மாட்டிவிட்டு பால்கனிக் கதவைச் சாத்தினாள்.