சின்ன எழுத்தில் ஒரு கொலை

"தடிச்ச எழுத்தெல்லாம் கத்துதாப்பா? அப்போ சின்ன எழுத்து என்ன பண்ணும்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, ஆறு வயது மகள் கேட்ட கேள்வி. அவன் அப்போது சிரித்து மழுப்பிவிட்டான்.

இரண்டு வருடம் கழித்துப் பதில் கிடைத்தது.

ஒரு பிணத்தோடு!

நேற்றுக் காலை குளியலறைக் கதவை உடைத்தார்கள். உள்ளே ஓர் இளம் தையல்காரி பிணமாகக் கிடந்தாள். கல்யாணமாகி நாற்பதே நாள். கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் இறுக மூடியிருந்தது.

அவள் போனில் கடைசியாகத் தேடிய கேள்வி... 'ஹீட்டர் போட்டா ஜன்னலை மூடலாமா?'

முதல் பதிலாக வந்து நின்றது ஹீட்டர் கம்பெனியின் பக்கம். 'மூடிய அறையிலும் பாதுகாப்பானது!' கொட்டை எழுத்தில்.

'ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் விஷவாயு சேரும், உயிருக்கு ஆபத்து' என்ற வரி, பக்கத்தின் அடியில்... எறும்பு அளவில்!

அந்தப் பக்கத்தைச் செய்தது, கம்பெனிகளுக்கு இணையப் பக்கம் எழுதித் தரும் அவனுடைய ஆபீஸ்தான்.

அங்கே அவனை 'டேக்' என்பார்கள். எழுத்துக்கு முன்னால் திறந்து பின்னால் மூடும் குறிகள்தான் டேக். எது தலைப்பு, எது தடிப்பு, எது பொடி என்று அவைதான் சொல்லும். தலைப்பையும் தடிப்பையும் தேடல் இயந்திரம் கொஞ்சம் கூடுதலாக மதிக்கும். அந்தக் குறிகளே பிழைப்பு என்பதால், அவனுக்கும் அதுவே பெயர்.

இன்று பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா உள்ளே வந்தாள்.

முதலாளி உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராகக் கையை நீட்டினார், ஆபீஸே அக்கா என்று கூப்பிடும் எழுத்தாளர் பக்கம்.

"ஹீட்டர் பக்கத்தை இவதான் மாத்தினா. செவ்வாய்க்கிழமை நாலு மணி. இவ பாஸ்வேர்டு. ரெக்கார்டு இருக்கு."

அக்கா எழுந்தாள். "ஆபத்துன்னு தலைப்புலயே வச்சது நான். முதல் இடத்துக்கு வரணும், அதை இறக்குன்னு சொன்னது நீங்க. மாட்டேன்னேன்."

"யாரு சாட்சி?"

எல்லாரும் விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

முதலாளி டேக்கின் நாற்காலியை உதைத்தார். "நீ பாத்தியாடா? நாளைக்கு வேலைக்கு வரணும்ல, யோசிச்சுச் சொல்லு."

"பாக்கல சார்."

உண்மைதான். அவன் பார்க்கவில்லை. ஆனால் அக்கா அவனை ஒரு தரம் பார்த்தாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இன்ஸ்பெக்டரம்மா தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தனக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது என்றாள். தேடினால் முதலில் வரும் வித்தையை முதலாளியே ஒரு வரி எழுதிக் காட்டினால் புண்ணியமாகப் போகும் என்றாள்.

முதலாளிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"இருபது வருஷமா எழுதுறேம்மா. இந்தப் பசங்களுக்கு என்ன தெரியும்?" தடதடவென்று தட்டினார்.

அவள் பையிலிருந்து மடித்த தாள்கள் இரண்டை எடுத்தாள். ஒன்றில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் குறிகள், மற்றதில் ஆபீஸில் யார் யார் குறிகளை எப்படிப் போடுவார்கள் என்ற பட்டியல்.

"உங்க ஆபீஸ்ல எல்லாரும் தடிப்புக்கு 'ஸ்ட்ராங்'னு எழுதுறாங்க. நீங்க மட்டும் பழைய பழக்கத்துல ஒத்தை 'பி'. அதுவும் கேப்பிடல்ல. அதுக்குள்ள சாய்வெழுத்து. மூடும்போது உள்ளே இருக்கிறதை விட்டுட்டு வெளியே இருக்கிறதை முதல்ல மூடுறீங்க."

"அதனால என்ன? கம்ப்யூட்டரே திருத்திக் காட்டிடும்."

"அது மன்னிச்சுடும் சார். நான் மாட்டேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்துல அதே தப்பு இருக்கு. இந்தம்மா எழுதின முந்நூறு பக்கத்துல ஒண்ணுலகூட இல்ல."

முதலாளி விசைப்பலகையைத் தள்ளிவிட்டார்.

"அவ பாஸ்வேர்டு எனக்கு எப்படி..."

"எல்லாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்கிறதே நீங்கதானே? எழுந்திருங்க."

ஜீப்பில் முதலாளி ஏறிய பிறகு, அந்தத் தாள்கள் எப்படிக் கிடைத்தன என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் அக்கா கேட்டாள்.

"காலையில என் வண்டி சீட்டுல இருந்துச்சு. 'முதலாளியை ஒரு வரி எழுதச் சொல்லுங்க'ன்னு ஒரு குறிப்பு. பேர் இல்ல."

அக்கா சுற்றிப் பார்த்தாள். டேக் திரையில் மூழ்கியிருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும், அவன் பெயரில் தினமும் பக்கங்கள் ஏறியிருந்தன. வேலை பிழைத்தது. யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்தவன் அந்தப் பக்கங்களைத் திறந்தான். திறந்த ஒவ்வொரு குறியும் ஒழுங்காக மூடப்பட்டிருந்தது. அந்த ஆபீஸில் அவ்வளவு சுத்தமான கை ஒன்றே ஒன்றுதான். அன்றிலிருந்து எல்லாருடைய கையும் அவனுக்கு அத்துப்படி.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். காலியான ஆபீஸில் டேக் ஹீட்டர் பக்கத்தைத் திறந்தான். பொய்யை அழித்தான். அடியில் கிடந்த அக்காவின் எச்சரிக்கையை எடுத்து, அவள் வைத்த இடத்திலேயே, தலைப்பில் வைத்தான். இனி தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படட்டும்.

குறிகளை ஒவ்வொன்றாக, உள்ளிருந்து வெளியே, அவள் மூடுவதுபோலவே மூடினான்.

பெரிய எழுத்தில் போட்டால் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள் என்று முதலாளி அடிக்கடி சொல்வார்.

பாவம், அவர் போட்ட கேப்பிடல் 'பி'யால் போலீஸுக்கும் அது பொருந்திவிட்டது!