ஷாஃப்ட்டின் மேல் வெள்ளைக் கோடு

வந்தவள் உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டியும் நின்றுகொண்டே பேசினாள்.

"நான் வெட்டுன ஷாஃப்ட் உடைஞ்சு ஒருத்தர் கால் போச்சுன்னு ஊரே பேசுது மேடம். நான் வெட்டுனது உடையாது."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு உடைந்த இரும்பைப் பார்த்து, அது ஏன் உடைந்தது என்று சொல்வதே தொழில். பட்டறைக்காரர்கள் அவருக்கு 'உடைசல் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணைப் 'பட்டாசு' என்பார்கள். அவளுக்கு அதில் வருத்தம் உண்டு. குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படித்து இன்ஜினியர் பட்டம் வாங்கியவளுக்கு ஊர் கொடுத்த பட்டம் இதுதானா என்று எரிச்சல். எரிச்சல் வந்தால் வெடிப்பாள். பெயர் அதனால்தான் நிலைத்தது.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் அக்கா.

வந்தவள் ஒரு டிராக் கார் பட்டறையில் லேத் ஓட்டுகிற கடைசல்காரி. நேராக ஒரே மூச்சில் பாய்ந்து ஓடி முடிக்கிற பந்தயக் கார் அது. அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வாலில் இருக்கிற அவுட்புட் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டுதான் எஞ்சினின் பலத்தைப் பின்சக்கரத்துக்கு அனுப்பும். தெருவில் ஓடும் வண்டியிலிருந்து எடுத்த ஷாஃப்ட்டை இவள் குட்டையாக்கி, தேவையில்லாத வளையத்தைக் கடைந்தெடுத்து, நுனியில் புதிதாகப் பல் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். பந்தயத்தன்று வண்டி கிளம்பிய நொடியில் அது முறிந்தது. சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்கப் பின்னால் நின்ற ஃபிட்டரின் காலில் இரும்பு பாய்ந்தது.

"சாயங்காலம் பந்தயச் சங்கம் கூடுது. என் கை பட்ட சாமான் எதுவும் இனி எந்த வண்டியிலயும் ஏறக்கூடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்க. அப்புறம் எந்தப் பட்டறை எனக்கு லேத் தரும்?"

"உன் தப்புன்னு எத வச்சுச் சொல்றாங்க?"

"கோட்ட வச்சு. ஷாஃப்ட்ட மாட்டுறதுக்கு முன்னாடி, ஒரு பல்லிடுக்குல ஆரம்பிச்சு உடம்பு முழுக்க வெள்ளை எனாமல்ல நேரா ஒரு கோடு இழுப்போம். எல்லா டிராக் பட்டறையிலயும் அதான் பழக்கம். தாங்குறதுக்கு மேல பலம் விழுந்தா இரும்பு முறுக்கிக்கும், கோடு சாயும். சாஞ்சா ஷாஃப்ட்டத் தூக்கிப் போட்டுறணும். உடைஞ்ச துண்டுல கோடு ஊசி மாதிரி நேரா இருக்காம். அதனால ஓட்டுனவர் மேல தப்பில்லையாம், வெட்டுனவ மேலதானாம்."

"துண்ட நீ பாத்தியா?"

"தொட விடல. அலமாரில பூட்டி வச்சுக்கிட்டுத் தூர நின்னு காட்டுறார் முதலாளி."

"நீ கோடு போட்டதுக்கப்புறம் ஷாஃப்ட்ட யாராவது பாத்தாங்களா?"

"அதுக்கு மேல பின்மூடி இருக்கு. அதக் கழட்டாம பாக்க முடியாது. ஃபிட்டர்தான் பூட்டுனார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். 'பூட்டுனதோட சரி, நானும் திறக்கல, யாரும் திறந்து நான் பாக்கல'ன்னார். சொல்லிட்டு..." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "முகத்தச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார் மேடம்."

அதைக் கேட்ட பிறகு பட்டாசுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக் கையில் குலுக்கிக்கொண்டே வாசலில் போய் நின்றுவிட்டாள்.

"அக்கா, முதலாளிதான். அலமாரில பூட்டி வச்சிருக்கான்னாலே மடியில கனம்."

"மூக்கு இருக்கறதுனால எல்லாத்தையும் மோந்து பாத்துட்டுக் குரைக்கணும். நீ முதல்ல குரைக்கிற," என்றபடி அக்கா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

பட்டறையில் காற்றழுத்த மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக உயிரை வாங்கியது. கார் தாங்கிகளின் மேல் நின்றது. அதன் பக்கக் கண்ணாடியில் பந்தய எண்ணை வெள்ளை ஷூ பாலிஷால் பெரிதாக எழுதியிருந்தார்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் எண் மாறும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஓட்டுபவரே புதிதாக எழுதிக்கொள்வார். நுனியில் பஞ்சு வைத்த அந்தப் பாலிஷ் பாட்டில் ஓட்டுநர் கதவுப் பையில் சொருகிக் கிடந்தது.

முதலாளி பெருத்த குரல்காரர். "வாங்க மேடம். பாப்பா யாரு?"

"பாப்பா இல்ல, பி.இ.," என்றாள் பட்டாசு.

"அப்ப இன்னும் வசதி. எழுதுனவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்தார். கடைசல்காரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏம்மா, நீயும் வந்துட்டியா? செஞ்சது போதாதா?"

வண்டி ஓட்டியவர் முதலாளியின் தம்பி. பட்டறையில் அவரைச் 'சின்னவர்' என்பார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், தொடை ஆடிக்கொண்டே இருந்தது. தன் காலும் அதே வேகத்தில் ஆடுவதைப் பார்த்துப் பட்டாசு வெடுக்கென்று நிறுத்திக்கொண்டாள்.

"கிளம்பும்போது எஞ்சின் வேகத்த ரொம்ப ஏத்துனீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"அண்ணன் சொன்ன அளவுதான். அதுக்கு மேல ஏத்துனா சீட்டுலேருந்து இறக்கிடுவேன்னு முதல்லயே சொல்லிட்டார்."

"சொன்னேன்தான்," என்றார் முதலாளி. "தம்பியாவது நொம்பியாவது, வண்டின்னா வண்டி."

"அளவோடதான் ஓட்டுனேன் மேடம். முந்தின வாரம் சோதனை ஓட்டம் முடிஞ்சப்பவும் கோடு நேராத்தான் இருந்துச்சு. இரும்புலயே கோளாறு, இல்லன்னா வெட்டுனதுல கோளாறு."

அக்கா தலையாட்டினார். "துண்டக் கொடுங்க."

முதலாளி அலமாரியைத் திறந்தார். அக்கா துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பட்டாசு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கோடு உண்மையிலேயே நேராக இருந்தது. கடைசல்காரியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கோட்ட மட்டும் பாக்காத. பல்லப் பாரு," என்றார் அக்கா மெதுவாக.

பார்த்தாள். நேராக வெட்டிய பற்கள் தலைப்பின்னல் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. வெள்ளைக் கோடோ ஓர் இடுக்கில் தொடங்கி, பல்லைத் தாண்டி, பக்கத்து இடுக்கில் போய் முடிந்தது.

"அக்கா! ஷாஃப்ட் முறுக்கியிருக்கு, கோடு முறுக்கல! அது எப்படி?"

"நீயே சொல்லு."

"முறுக்குனதுக்கு அப்புறம் போட்ட கோடு!"

மோட்டார் அந்த நேரம் பார்த்து நின்றது. அக்கா ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்துக் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தார். விரல் வெள்ளையானது, கோடு காணாமல் போனது.

"எனாமல் பெயிண்ட் தண்ணிக்குப் போகாது. ஷூ பாலிஷ் போகும். ஏற்கனவே விரிசல் விட்டிருந்த இரும்பு, பந்தயத்தன்னிக்கு மேற்கொண்டு முறுக்காம சட்டுனு முறிஞ்சிருக்கு," என்றார். துண்டை ஜன்னலுக்கு இன்னும் கிட்டே நீட்டினார். இடுக்கின் அடியில், சுரண்டியும் போகாத பழைய வெள்ளைப் பொட்டுகள் பல்லோடு சேர்ந்து வரிசையாகச் சாய்ந்து ஓடின.

"அது என் கோடு," என்றாள் கடைசல்காரி. வந்ததிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தாள்.

பட்டாசு முதலாளி பக்கம் பாய்ந்தாள். "பூட்டி வச்சதுக்குக் காரணம் இதுதானே?"

"அவர் கோட்ட நம்பித்தான் பூட்டுனார்," என்றார் அக்கா. "தெரிஞ்சிருந்தா கேட்டதும் எடுத்துக் கொடுப்பாரா? தூக்கிக் குளத்துல போட்டிருப்பார். பின்மூடியைத் திறந்தத ஃபிட்டர் பாக்கல. திறக்காம கோட்டப் பாக்க முடியாது. ஆனா சோதனை ஓட்டத்துக்கு அப்புறமும் கோடு நேரா இருந்ததா ஒருத்தர் இப்ப சொன்னார். பாலிஷ் பாட்டிலும் அவர் கைக்கு எட்டுற இடத்துலதான் இருக்கு."

சின்னவரின் தொடை ஆட்டம் நின்றுவிட்டது.

"சோதனை ஓட்டத்துல ஒரே ஒரு தடவ ஏத்திப் பாத்தேன்," என்றார் தரையைப் பார்த்து. "அடில டொம்முனு ஒரு சத்தம். எல்லாரும் சாப்பிடப் போனப்ப மூடியக் கழட்டிப் பாத்தா கோடு சாஞ்சிருந்துச்சு. யாராவது திறந்தா தெரியக்கூடாதுன்னு அதச் சுரண்டிட்டு பாலிஷால நேரா இழுத்துட்டேன். சொன்னா சீட்டு போயிடும்ணே. இன்னும் ஒரு ஓட்டம் தாங்கும்னு நெனச்சேன்."

"அடப்பாவி," என்றார் முதலாளி. அந்தப் பெருத்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு அக்காவிடம் நெருங்கி வந்தார். "மேடம், இரும்புலயே கோளாறுன்னு சங்கத்துல சொல்லிடுங்க. இந்தப் பொண்ணு மேல பழி இல்ல, என் தம்பி மேலயும் இல்ல. யாருக்கும் நஷ்டமில்லையே?"

பட்டாசுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, கடைசல்காரியைப் பார்த்தார். "உன் பேருக்காகத்தான் வந்த. அது இப்படியும் கிடைக்கும். நான் உள்ளதத்தான் சொல்லுவேன். ஆனா நீ என்ன நினைக்கிற?"

கடைசல்காரி எழுந்து முதலாளியின் முன்னால் போய் நின்றாள்.

"தெருவுல நின்னு என்னத் திட்டுனீங்க. ஃபிட்டரண்ணன் பெஞ்சாதி என்னப் பாத்துக் கதவச் சாத்துச்சு. அப்பல்லாம் இரும்புல கோளாறுன்னு உங்களுக்குத் தோணலையே? இப்ப இவர் திரும்ப சீட்டுல ஏறுனா, பின்னாடி யார் கால நிக்க வைக்கப் போறீங்க? உங்களதையா?"

முதலாளி ஓரடி பின்வாங்கினார்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். ஒலிபெருக்கியில் மணி அடித்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சலிப்பும் வலியுமாக ஒரு குரல் வந்தது. "என்னம்மா, திரும்பவும் என்ன?"

அவள் கைப்பேசியைச் சின்னவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை.

"யாரு? யாரு பேசுறது?"

சின்னவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"நான்தான்ணே," என்று தொடங்கினார் சின்னவர். "அந்த மூடிய... நான்தான் திறந்தேன்."