எட்டு கிலோவுக்குள் ஒரு மலை

பழைய பேப்பர் கடைத் தராசில் முதுகுப்பையை ஏற்றிவிட்டு, பரீட்சை முடிவு பார்க்கிறவள் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள் அருள்செல்வி.

"பன்னண்டு நானூறு கீதும்மா," என்றார் சுலைமான் பாய். "உள்ள இன்னா, இரும்பா? இரும்புன்னா வேற ரேட்டு."

"பாய், இது விக்கிறதுக்கு இல்ல. ஒரு குரூப்போட ரெண்டு நாள் மலைக்குப் போறேன், எடை மட்டும் பாக்கணும்."

"எடை பாத்துட்டுத் திருப்பி எடுத்துக்கினு போறதுக்குன்னு என் கடைக்கு வந்த மொத ஆளு நீதாம்மா."

அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வெடுக்கென்று திரும்பினாள். திருநின்றவூர் ஸ்டேஷன் ரோட்டில் பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. அந்தத் தூறலில் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டி நின்றது. பெட்டிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. இமையெல்லாம் மழைத்துளி... துடைக்கக் கை இல்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தன அந்தக் கண்கள். சிரிப்பும் அங்கிருந்துதான் வந்தது.

"ரெண்டு நாள் மலைக்குப் போறதுக்காங்க இவ்ளோ? ஊரையே காலி பண்ணிட்டுப் போறீங்களாட்ட இருக்குது."

"உங்களைக் கேட்டேனா?"

கண்கள் உடனே தாழ்ந்துவிட்டன. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவம் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

போன வருஷம் ஆபீஸில் எல்லோருமாக ஜவ்வாது மலைக்குப் போனார்கள். பாதி ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல், டீம் லீடர் அவள் பையை உருவி இன்னொருத்தன் தோளில் மாட்டிவிட்டார். அப்புறம் எடுத்த போட்டோவில் எல்லோர் முதுகிலும் பை... அவள் மட்டும் வெறுங்கையோடு, கல்யாணத்துக்கு வந்தவள் போல. அன்றிலிருந்து அம்பத்தூர் ஃபேக்டரியில் அவள் ஒரு சின்ன வால்வு பெட்டியைத் தூக்கினால்கூட யாராவது ஓடி வந்து, "குடு குடு, உன்னால முடியாது," என்று வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த முறை பூந்தமல்லி ரேஷ்மாவின் குழுவோடு அதே மலைக்குப் பணம் கட்டியிருந்தாள். ரேஷ்மாவின் விதி ஒன்றே ஒன்று. எட்டு கிலோவுக்கு மேல் பை இருந்தால் மலையூர்க்காரர் ஒருவரைக் கூலிக்கு வைத்துத் தூக்கச் சொல்ல வேண்டும். மற்றபடி எடையை அவரவரே பார்த்துக்கொண்டு வரலாம், நம்பிக்கைதான்.

ஆள் வைப்பதற்கு அவளுக்கு மனசில்லை. தன் பை தன் முதுகில், உச்சி வரைக்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாய் அட்டைப்பெட்டியை மிதித்து மடித்துத் தராசில் போட்டார். கூடவே வந்த வெள்ளை ஃபோம் ஷீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது வேணாம் நைனா. எடையே நிக்காது. எடுத்துக்கினு போயிடு."

அவன் ஃபோமைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குப்பைத்தொட்டி எங்கே என்று பார்த்தான். முழுசாகத் தெரிந்தான் இப்போது. உயரம்... ஒல்லி... நெற்றியில் ஒட்டிய ஈர முடி. ஆனால் அருள்செல்வி பார்த்தது ஃபோமை. சத்தியமாக ஃபோமைத்தான். ஆள் நீளத்துக்கு இருந்தது, விரல் தடிமன் இருந்தது, எடையே நிற்காதாம். அவள் பைக்குள் அம்மா திணித்த ஜமுக்காளம் மட்டும் இரண்டு கிலோ. மலைக்கென்று விற்கிற படுக்கை விரிப்பின் விலையைக் கேட்டுவிட்டுக் கடையிலிருந்து ஓடி வந்தவள் அவள்.

தொண்டையைச் செருமினாள்.

"அதை... தூக்கிப் போடத்தானே போறீங்க? எனக்குக் குடுங்களேன்."

அவன் நிதானமாகத் திரும்பினான். "உங்களைக் கேட்டனாங்க?"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். அருள்செல்விக்குக் காது சூடானது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டுக்கொண்டு ஃபோமை இரண்டு கையாலும் நீட்டினான். வாங்கும்போது ஒரு விநாடி பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு விநாடி போதுமாக இருந்தது... எதற்கு என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

"கோகுல்நாத்துங்க. கோபிச்செட்டிப்பாளையம். கம்பெனி அம்பத்தூர்லங்க. வாடகை இங்கதான் கட்டுபடியாச்சு, போன வாரந்தான் வந்தேனுங்க."

"அருள்செல்வி. எதுக்கு எல்லாத்துக்கும் ஒரு 'ங்க'? அதைக் கழிச்சாலே ரெண்டு கிலோ குறையும் உங்களுக்கு."

"பழகிருச்சுங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கோபத்தைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

பாயின் பெஞ்சிலேயே பையைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக வெளியே வந்தது அம்மாவின் பாசம். அம்மாவுக்கு அன்பை எடை பார்த்துக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. மூன்றடுக்கு டிபன் கேரியர், கண்ணாடி பாட்டிலோடு ஹார்லிக்ஸ், ஸ்டீல் தண்ணீர் பாட்டில், இரும்பு டார்ச், குளிருமே என்று ஒரு ஜீன்ஸ், நனைந்தால் மாற்ற இன்னொரு ஜீன்ஸ்.

"ஜீன்ஸ் நனைஞ்சா எருமை கனம் கனக்குமுங்க. ட்ராக் பேன்ட் போதும்."

"தெரியும். ஹார்லிக்ஸை ஒரு கவர்ல கொட்டிக்கலாம்."

"தண்ணிக்கு..." என்றவன் பேச்சைப் பாதியில் விட்டு எதிர்க்கடைக்கு ஓடினான். இரண்டு சாதாரணத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான். ஸ்டீல் பாட்டில் பெஞ்சுக்கு அடியில் போனது. டிபன் கேரியருக்குப் பதில் வாழை இலைப் பொட்டலம் என்று முடிவானது. மழைக்கோட்டுக்குப் பதில் பெரிய கறுப்புக் குப்பைப்பை, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு. அதை மாட்டிப் பார்த்தபோது அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான். பாய் தன் வியாபாரத்தை மறந்து, ஒவ்வொன்று குறையக் குறையத் தராசைப் பார்த்து அறிவித்துக்கொண்டிருந்தார்.

"ஒம்போது... எட்டே கால்... இன்னும் கொஞ்சம்மா, உடாத."

ஜமுக்காளம் வெளியே, ஃபோம் உள்ளே. தராசு ஏழு எண்ணூறில் நின்றது.

வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று மட்டும் பக்கவாட்டு ஜிப்பில் இருந்தது. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

"உங்க குரூப்ல ஒரு இடம் காலி இருக்குதுங்களா?" அவன் தராசைப் பார்த்தபடியே கேட்டான்.

"பை எட்டு கிலோவுக்குள்ள இருந்தா இருக்கு," என்றாள் அவளும் தராசைப் பார்த்தபடியே. இதயம் இரண்டு ஸ்டேஷன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பூந்தமல்லியில் வேன் ஏறினார்கள். ஆம்பூர் தாண்டும்வரை ஒரு ஜன்னலுக்கு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைத் தீர்த்தார்கள். மத்தியானம் ஏற ஆரம்பித்தார்கள். பை லேசாகத்தான் இருந்தது. ஆனால் மலை லேசாக இல்லையே...

போன வருஷம் உட்கார்ந்த அதே பாறை வந்தது. அருள்செல்விக்கு அடையாளம் தெரிந்தது. மூச்சு வாங்கியது. ஒரே ஒரு நிமிஷம், ஷூ லேஸைக் கட்டிக்கொள்ளலாம் என்று பையை இறக்கி வைத்துக் குனிந்தாள்.

நிமிர்ந்தபோது பை அங்கே இல்லை.

நாலு எட்டு மேலே, கோகுல்நாத்தின் நெஞ்சில் தொங்கியது. முதுகில் அவன் பை, முன்னால் அவள் பை. திரும்பிப் பார்த்து அத்தனை அன்பாகச் சிரித்தான்.

"கொஞ்ச தூரந்தானுங்க. மூச்சு வாங்குதில்லீங்களா..."

"கீழே வைங்க."

"இல்லீங்க, நான் சும்மா..."

"வைங்கன்னு சொல்றேன்."

குழுவே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் செத்துவிட்டது. பையை இறக்கினான். அவள் வந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது, அது வியர்வை என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

"நீங்களும் அவங்கள்ல ஒருத்தர்தான்," என்றாள் மெதுவாக. "நீங்க வேற மாதிரின்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. கோபத்திலேயே ஏறினாள். கோபத்துக்கும் ஒரு பலம் இருக்கிறது. இருட்டும் முன் முகாம் போடும் இடத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான்.

அந்தி மழை திடுதிப்பென்று பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பையை எடுத்துக் கூடாரத்துக்குள் போடுங்கள் என்று ரேஷ்மா கத்தினாள். அருள்செல்வி கைக்குக் கிடைத்த பையைத் தூக்கினாள்... தூக்க முடியவில்லை. தோள் கழன்றது. அது கோகுல்நாத்தின் பை. எட்டு கிலோவா இது? பன்னிரண்டுக்குக் குறையாது.

இழுத்து உள்ளே போட்டதில் ஜிப் விட்டுக்கொண்டது. இரண்டு மழைக்கோட்டு. இரண்டு டார்ச். அவளுக்குப் பிடித்த கடலைமிட்டாய் ஒரு பாக்கெட். முழங்காலுக்குப் பட்டை, பெண்கள் அளவு. ஒரு கம்பளி, அதற்குள் இன்னொரு கம்பளி.

வாசலில் நனைந்தபடி அவன் நின்றான்.

"பொய் சொல்லி ஏத்தியிருக்கீங்க," என்றாள். "நான் பாதியில உக்காந்துடுவேன்னு முடிவு பண்ணி மூட்டை கட்டியிருக்கீங்க. இல்ல?"

"இல்லீங்க." அவன் தலையாட்டினான். முடியிலிருந்து தண்ணீர் சிதறியது. "நீங்க ஏறிடுவீங்கன்னு தராசு முன்னாடியே தெரியுமுங்க. அதான் பயம். உங்களுக்கு எதுவுமே தேவைப்படாது. அப்புறம் நான் எதுக்குங்க உங்க கூட? ஒரு மழைக்கோட்டாச்சும் குடுத்தா ரெண்டு வார்த்தை பேசுவீங்கன்னு... எனக்கு வேற மாதிரி தெரியலீங்க. பையை எடுத்தது தப்புதான். கேட்டிருக்கணும்."

கடலைமிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டு தன் கூடாரத்துக்குப் போனாள். ஃபோமை விரித்துப் படுத்தாள். தரையின் ஈரம் ஒரு சொட்டு ஏறவில்லை. மிட்டாய் முழுவதையும் தின்றாள், தூக்கம்தான் வரவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. உச்சிக்குப் போகும் கடைசி ஏற்றம் செங்குத்தாக நின்றது. பையை விட்டுவிட்டுப் போக வழியில்லை, இறங்குவது மறுபக்கமாக. பாதியில் எல்லோரும் முன்னால் போய்விட, ஒரு வளைவில் கோகுல்நாத் உட்கார்ந்துவிட்டான். தோள் பட்டை பதிந்த இடமெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்க போங்க. நான் மெதுவா வர்றேனுங்க."

அருள்செல்வி அவன் முன்னால் குந்தினாள். அவன் பையைத் தொடவில்லை.

"கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். வெட்கம், வலி, ஏதோ ஒரு நிம்மதி... எல்லாம் அந்தக் கண்ணில் வந்து போயின.

"எடுத்துக்கங்க," என்றான்.

"பாத்தீங்களா? கேட்டா எவ்ளோ சுலபமா கீது."

ஒரு கம்பளி, ஒரு மழைக்கோட்டு, இரண்டு டார்ச்சும் அவள் பைக்கு மாறின. இப்போது அவள் பை எட்டைத் தாண்டிவிட்டது. அது அவளுக்கும் தெரியும். எழுந்து பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். முழங்கால் கெஞ்சியது. இதே முழங்கால்தான் போன வருஷமும் கெஞ்சியது. ஒரு கல், அடுத்த கல், வேரைப் பிடித்து அடுத்தது... பின்னால் அவன் மூச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. திடீரென்று முன்னால் கல் இல்லை. வானம்தான் இருந்தது.

காற்று அவள் முடியை அள்ளிக்கொண்டு போனது. கீழே மேகம் வெள்ளையாகப் பரந்து கிடந்தது. ரேஷ்மா போனைத் தூக்கி, "அருள், இங்க பாரு," என்றாள். அருள்செல்வி பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். முகம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பை நன்றாக விழ வேண்டும் போட்டோவில்.

வந்துவிட்டாள். அவளே, அவள் காலில், அவள் பையோடு. வெட்கமாக இல்லாவிட்டால் ஊருக்கே கேட்கும்படி கத்தியிருப்பாள். கத்தாமலே கண் வழிந்தது.

ரேஷ்மா மற்றவர்களிடம் நகர்ந்ததும் கோகுல்நாத்தைத் தேடினாள். இரண்டடி தள்ளி, ஏதோ தானே ஜெயித்தவன் போலச் சிரித்துக்கொண்டு நின்றான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான், தவறியும் எதையும் தொட்டுவிடக் கூடாது என்பது போல.

அவள் பையைக் கழற்றினாள். அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. கொஞ்சம் பிடிங்க."

அவன் திகைத்தான். "நானுங்களா? நிஜமாவா?"

"நானே குடுக்குறேன்ல?"

வாங்கிக்கொண்டான். கோயில் பிரசாதம் வாங்குகிறவன் பணிவோடு.

"எவ்ளோ தூரத்துக்குங்க?"

"தூரமெல்லாம் கிடையாது. இறங்கும்போது நான்தான் தூக்குவேன். இப்ப எனக்கு ரெண்டு கையும் வேணும்."

"எதுக்குங்க?"

பதிலுக்கு, பையைப் பிடிக்காத அவனுடைய ஒரு கையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "மழைக்கோட்டுக்காக இல்ல. நான் ஏறிடுவேன்னு நானே நம்பாதப்ப நீங்க நம்புனீங்க, அதுக்கு. இனிமே என்கூட வர்றதுக்குக் காரணமெல்லாம் மூட்டை கட்டிக்கினு வராதீங்க. சும்மா வாங்க. அது போதும்."

அவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்குது அருள். தராசு நின்னப்பவே."

"'ங்க' எங்க போச்சு?"

"இறக்கி வெச்சுட்டேன்."

சிரித்தாள். அவனும் சிரித்தான். ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா முதலில் ஜமுக்காளம் எங்கே என்றுதான் கேட்பாள், அப்புறம்தான் பையன் யார் என்பாள். இரண்டுக்கும் பதில் இருந்தது அவளிடம்.

மறுபக்கம் இறங்கக் குழு கிளம்பியது. அருள்செல்வி அவனிடமிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டு, அவனுக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தாள்.