கைப்பிடித்துக் கொடுக்க ஒரு மனைவி

அன்று காலை மார்மன் சபையின் பிஷப் எல்கானா பிரிச்செட் சாப்பாட்டு ஜெபத்தை வழக்கத்தைவிட நீட்டிக்கொண்டே போனார். சோள ரொட்டி ஆறிப்போனது. ஜெபத்தில் இரண்டாம் முறை ஆபிரகாமின் பெயர் வந்ததும் மூத்த மனைவி திர்சா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவர் ஆபிரகாமைக் கூப்பிட்டால் வீட்டுக்கு இன்னொரு பெண் வரப்போகிறாள் என்று அர்த்தம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் மனைவி மாரென் அப்படித்தான் வந்தாள்.

"பத்து மணிக்கு மூப்பர் டட்டில் வர்றார்," என்றார் பிஷப், ரொட்டியைப் பிய்த்தபடி. "ரெண்டு பொண்டாட்டிக்காரனைப் பிடிக்க அலையுற மார்ஷல்காரனுங்க கண்ணுல படாம பின்பக்கமா வருவார். இங்காவை எனக்கு நித்தியத்துக்கும் கட்டி வைக்கப் போறார். நீதான் அவ கையைப் பிடிச்சு என் கையில குடுக்கணும். நல்ல கவுனா போட்டுக்க."

அடுப்போரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த இங்காவின் கை நின்றது. மாரெனின் தங்கை அவள். வயது பதினேழு. டென்மார்க்கிலிருந்து யூட்டாவுக்கு வந்து நாலே மாசம். பாஷை பாதிதான் புரியும். அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

புதுப்பெண்ணின் கையை மூத்தவளே எடுத்துக் கணவன் வலது கையில் வைக்க வேண்டும் என்பது மார்மன் சபையின் முறை. பைபிளில் ஆபிரகாமின் மனைவி சாராள் தன் வேலைக்காரி ஆகாரை அவருக்குக் கொடுத்தாளே, அது போல. மூத்தவள் மாட்டேன் என்றால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மறுத்தவளிடம் சம்மதம் கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் பிஷப்பின் மனைவியே மறுத்தாள் என்று ஊர் பேசினால், ஞாயிற்றுக்கிழமை மனைவியரின் கீழ்ப்படிதல் பற்றி அவர் எந்த முகத்தோடு பிரசங்கம் செய்வது?

"மாட்டேங்க," என்றாள் திர்சா.

"கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தியிருக்கார்."

"எனக்கு ஒண்ணும் சொல்லலையே... சின்னப் பொண்ணுங்க அது. அழுதுட்டே வந்து நிக்கும்."

"மாரெனே கேக்குறா. தங்கச்சி கூடவே இருக்கணுமாம்."

"அவ கேட்டாலும் என் கை குடுக்காது."

பிஷப் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். எழுந்து, சுவரில் தொங்கிய குதிரைச் சேண வாரை எடுத்தார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். மூன்றாவதில் வாரின் கொக்கி காதைக் கிழித்தது. திர்சா மேஜையைப் பற்றிக்கொண்டாள். தட்டுகள் உருண்டு உடைந்தன. "குடுக்காத கை எதுக்கு உனக்கு?" என்று அவள் வலது மணிக்கட்டை முறுக்கி இழுத்து, கொதிக்கும் அடுப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கருகும் வாடை எழுந்தது. இங்கா போட்ட கூச்சல் முற்றத்தைத் தாண்டியது.

அவர் கையை எடுத்துவிட்டு, மூச்சு வாங்க, "கையுறை போட்டுக்க. யாருக்கும் தெரியாது," என்றார்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் மாரெனின் வீடு. ஒன்பது வருஷமாக இரண்டு பெண்களும் பேசியதில்லை. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே சேதி சுமந்தவர் பிஷப்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த மாரென், கையிலிருந்த கட்டையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"வேலைக்காரி வேணும்னு என் தங்கச்சியக் கேட்டீங்களே... இப்ப அவளையே அடிக்கிறீங்களா, சகோதரி?"

"நானா கேட்டேன்?" திர்சாவின் காதிலிருந்து ரத்தம் சொட்டியது. "நீ கேட்டன்னு சொன்னார். மாட்டேன்னேன். அதான் இந்தக் கை."

மாரென் அந்தக் கையைப் பார்த்தாள்.

"அப்ப... என்னைக் கட்டின அன்னைக்கு? எனக்குப் பிள்ளை இல்ல, மாரென் வந்தாதான் ஆச்சுன்னு நீங்க இவர் காலைப் பிடிச்சு அழுதீங்களாமே?"

"நீதான் கட்டிக்கச் சொல்லி அவர் காலைப் பிடிச்சு அழுதன்னு சொன்னார். ஒன்பது வருஷமா உன்னச் சபிச்சிட்டிருக்கேன்டி."

இரண்டு பேரும் ஒன்பது வருஷத் தபால்காரரான பிஷப்பின் பக்கம் திரும்பினார்கள்.

"பொம்பளைங்க பேச்சுல—" என்று பிஷப் வாரை ஓங்கினார். துவைக்கும் கட்டை அவர் தாடையில் இறங்கியது. இரண்டு பல் தரையில் தெறித்தது. தடுமாறியவர் மாரெனின் பின்னலைப் பிடித்து அவள் தலையைச் சுவரில் மோதவைத்தார். இங்கா சீவுகத்தியை அவர் முழங்கையில் செருகினாள். பிடி விட்டது. கட்டை மறுபடி இறங்கியது, முட்டியில். ஆபிரகாமின் வாரிசு உருளைக்கிழங்குத் தோலின் மேல் மண்டியிட்டார்.

சரியாகப் பத்து மணிக்கு மூப்பர் டட்டில் கறுப்புக் கோட்டும் புன்னகையுமாகப் பின்வாசலில் நுழைந்தார். தரையைப் பார்த்ததும் புன்னகை போய்விட்டது.

"குதிரை... தள்ளிடுச்சு," என்றார் பிஷப், பல் போன வாயால்.

திர்சா வெந்த கையை மூப்பரின் முகத்துக்கு நேரே விரித்தாள். "கைப்பிடிச்சுக் குடுக்கச் சொன்ன கை இதுதான், பாத்துக்கங்க. கல்யாணம் கிடையாது. இவரைக் கூட்டிட்டுப் போங்க."

"என் வீட்டுலேருந்து என்னையே...?"

"உங்க வீடா?" என்றாள் திர்சா.

மூப்பரும் பிஷப்பும் ஒரே நேரத்தில் அந்த வசந்தகாலத்தை நினைத்துக்கொண்டார்கள். பல மனைவி வைத்திருந்தவர்களை அரசாங்கம் வேட்டையாடத் தொடங்கியதும், சொத்தும் போய்விடும் என்று பயந்து, ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் வீடுகளை மனைவிமார் பெயரில் எழுதி வைத்தார்கள். இந்த வீடு திர்சாவுக்கு. எதிர்வீடு மாரெனுக்கு. பிஷப் மிச்சம் வைத்துக்கொண்டது பட்டம் மட்டும்.

மூப்பர் டட்டிலுக்கு நாலு மனைவிகள், அவர்கள் பெயரில் நாலு வீடுகள். அவர் தொப்பியைக் கழற்றினார். அவர் குரலில் இதுவரை யாரும் கேட்டிராத பணிவு வந்திருந்தது. "வாங்க சகோதரரே, வண்டி நிக்குது. அம்மாமாரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

பிஷப் நொண்டிக்கொண்டே போனார். வண்டிச் சத்தம் தேய்ந்தபோது, மாரென் குளிர்ந்த மோர்ப் பாத்திரத்தில் திர்சாவின் கையை மெல்ல முக்கினாள். சுவரில் மோதிய மாரெனின் நெற்றியும் வீங்கியிருந்தது.

"அக்கா... எரியுதா?" என்று கேட்டவள் திர்சாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். திர்சா இடது கையால் அவளை இறுக்கிக்கொண்டாள்.

இங்கா தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாள்.

"இனி தான் எந்த வீட்டுல இருக்கணும்னு கேக்குறா அக்கா," என்றாள் மாரென்.

"என்னை ஏன் கேக்குறா? அவளுக்கு எங்க இருக்கப் பிடிக்கும்னு அவளையே கேளு."

அந்த வீட்டில் இங்காவின் விருப்பத்தை ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை. பதில் சொல்ல அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.